பல்லைப் பிடித்துப் பாருங்கள்



ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் விலங்குகள் காப்பகத்து வாசலில் நின்றால் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "குட்டி இருக்கா சார்?" பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, குட்டி வேண்டும். அம்மா பகலில் தனியாக இருக்கிறார், குட்டி வேண்டும். தெருவில் திருட்டு பயம், அதற்கும் குட்டிதான் வேண்டும். நாற்பது நாள் குட்டி எந்தத் திருடனை விரட்டும் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் காப்பகத்தில், அந்தக் கூட்டம் நிற்காமல் கடந்துபோன கூண்டு ஒன்றில் ஜூலி இருந்தாள். வெள்ளை முடி, ஐந்தரைக் கிலோ எடை, கூர்முகம், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால். ஆள் அரவம் கேட்டதும் கம்பியருகே வந்து உட்கார்ந்துவிடுவாள். "அட, பொமரேனியன்!" என்று குனிவார்கள். முகத்தருகே முகம் போனதும் சட்டென்று நிமிர்ந்துவிடுவார்கள். அப்படியொரு வாய் நாற்றம். "வயசு என்ன?" "பத்து இருக்கும்மா." அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இவளைப் போன்ற சின்ன நாய்கள், வயதான காலத்தில் எப்படிக் காப்பகத்துக்கு வந்து சேருகின்றன? நம் ஊரில் பொமரேனியன் என்று கூப்பிடப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோவோடு நின்றுவிடும். நம்முடையது அதைவிடப் பெரியது, நம் வெயிலுக்கும் பழகியது. 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் வருவது இந்த ஜாதிதான். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாய், சின்ன நாய் வாங்கும் அடுத்த அலையைக் கிளப்பியது. விளம்பரம் சில மாதம் ஓடும். வாங்கிய குட்டி பன்னிரண்டு, பதினான்கு வருடம் வீட்டில் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விடுகிறார்கள், தாத்தா காலமாகிவிடுகிறார், புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். ஒருநாள் விடிகாலையில் காப்பகத்து கேட்டில் புடவைக் கிழிசலால் கட்டப்பட்ட ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. ஜூலி வந்ததும் இப்படித்தான். அந்தப் பெயர்கூட அங்கே வைத்ததுதான்.

இங்கே ஒரு இடைச்செருகல். பசி தாகத்தில் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக 1953-ல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு வித்து. அந்தக் குற்றத்தை முதல்முறை செய்தவருக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அன்று எழுதிய தொகை. இன்று அந்தக் காசுக்கு இரண்டு பேர் காபி குடிக்க முடியாது.

காப்பகத்துக்கே திரும்புவோம். கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ், கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய அமைப்பு. 1964 முதல் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்துவருகிறது. அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கிளம்பிய காப்பகங்கள் பலவும் அடிபட்ட தெருநாய்களுக்காக உருவானவைதான். அந்தக் கூட்டத்துக்குள் சோபாவில் படுத்து வளர்ந்த ஐந்து கிலோ நாயை விட்டால் அது சோற்றுத் தட்டுக்குக்கூட முண்டியடிக்கத் தெரியாமல் ஒதுங்கி நிற்கும். காப்பகம் கெட்ட இடமென்று சொல்ல வரவில்லை. இந்த நாய்க்கு அது இடமில்லை, அவ்வளவுதான்.

இனி பல் விஷயத்துக்கு வருவோம். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இதில் இறங்கினால் சீக்கிரம் கரையேறுவது கஷ்டம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காப்பகத்து நாயைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கிழடு என்று ஒதுக்கப்படும் சின்ன நாய்களில் பலவற்றுக்குத் தொல்லை வயதில் இல்லை, வாயில் இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். முப்பது கிலோ லாப்ரடாருக்கும் அதே 42, மூன்று கிலோ நாய்க்கும் அதே 42. தாடை சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்குவதில்லை. அதனால் சின்ன நாயின் வாயில் பற்கள் தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு பஸ்ஸில் ஏறிய கூட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இடுக்கில் சோறு தங்கும், அங்கே படியும் கிருமிப் படலம் காறையாகி இறுகும். காறைக்கு அடியில் கிருமிகள் புகுந்து ஈற்றை அரித்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் அரிக்கும். நாற்றம் வருவது அங்கிருந்துதான். பால்சோறும் தயிர்சோறும் பிசைந்து பாசமாக வளர்த்த வீட்டு நாய்க்கு இது வர ஏழெட்டு வருடம்கூடத் தேவையில்லை.

ஜூலிக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் இருந்தது. கொஞ்ச நாளில் அது உடைந்து சீழ் வடியும், ஆறும், மறுபடி வீங்கும். கண்ணில் அடிபட்டிருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் முடிவு செய்தார்கள். யாரோ கண் சொட்டு மருந்துகூட வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காப்பகத்துக்கு வரும் மருத்துவர் கண்ணைத் தொடவே இல்லை. கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினார். கன்னத்துக்கு உள்ளே, மேல்வரிசையில், இறைச்சியை வெட்டுவதற்கென்றே அமைந்த பெரிய பல் ஒன்று உண்டு. அதற்கு மூன்று வேர். வேர்நுனி போய் முடிகிற இடம் சரியாகக் கண்ணுக்குக் கீழே. அந்தப் பல்லில் விரிசல் விட்டு, வேரில் சீழ் கட்டி, வழி தேடி முகத்தில் உடைத்துக்கொண்டிருந்தது. பல்லைப் பிடுங்கினால்தான் வீக்கம் வற்றும். எத்தனை புட்டி சொட்டு மருந்து விட்டாலும் வற்றாது.

இப்படி இன்னும் உண்டு. மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்பு. அது கரைந்துபோனால் நாய் சாப்பிடும்போதெல்லாம் தும்மும். சளி பிடித்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கீழ்த்தாடை எலும்பு தேய்ந்துபோன குட்டை ஜாதி நாய்களுக்குப் பல் பிடுங்கும்போது தாடையே முறிந்துவிடும் அபாயம் உண்டு, ஆகையால் மருத்துவர்கள் எக்ஸ்ரே பார்த்து, பல்லைத் துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். இவ்வளவு வலியிலும் நாய் சாப்பாட்டை நிறுத்தாது. வலியைக் காட்டாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, நல்ல பக்கத்துப் பல்லால் மட்டும் மெல்லும். முகத்தருகே கை கொண்டுபோனால் உறுமும். "கிழடாயிடுச்சு, குணம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல்வலியோடு நாம் எத்தனை பேர் சிரித்த முகமாக இருக்கிறோம்?

மயக்க மருந்துக்கு வயதான நாய் தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஜூலிக்கு முதலில் ரத்தம் எடுத்துச் சிறுநீரகம், ஈரல் இரண்டையும் பார்த்தார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார் மருத்துவர். பிறகுதான் மேசைக்கு ஏற்றினார்கள். காறையைச் சுரண்டச் சுரண்ட அடியில் ஆடிக்கொண்டிருந்த பற்கள் தாமே கழன்று வந்தன. மொத்தம் ஒன்பது பல் போனது, கண்ணுக்குக் கீழே தொல்லை கொடுத்ததும் சேர்த்து. சில நாள் கஞ்சி மாதிரி குழைத்த சோறும் வேகவைத்த கோழியும் கொடுத்தார்கள். ஈறு ஆறியதும் அவள் செய்த முதல் காரியம், கூண்டு பெருக்க வந்த அக்காவின் துடைப்பத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. "இது கிழவியா? இவ்வளவு நாள் நடிச்சிருக்கு!" என்றார் அந்த அக்கா. பல் போன பக்கமாக நாக்கு லேசாக வெளியே தொங்கியது. அடுத்த ஞாயிறு குனிந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

நாயின் வயதை ஏழால் பெருக்கும் கணக்கு நம்மிடம் உண்டு. அதை மறந்துவிடலாம். முதல் வருடத்திலேயே நாய் மனிதக் கணக்கில் 15 வயதை எட்டிவிடும், அதற்குப் பிறகு வேகம் குறையும், சின்ன ஜாதிகளுக்கு இன்னும் குறையும். பத்து வயதுச் சின்ன நாய் மனிதக் கணக்கில் ஏறக்குறைய 56. அரசு ஊழியராக இருந்தால் பணி ஓய்வுக்கே இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

இதற்குச் சாட்சி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ஸ்பைக். சிவாவா கலப்பு, ஆறு கிலோவுக்கும் குறைவு. 2009-ல் ஒரு மளிகைக்கடை கார் நிறுத்துமிடத்தில் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், கழுத்தைச் சுற்றி ரத்தக்கறை. அப்போதே பத்து வயது இருக்கும் என்று மருத்துவர் மதிப்பிட்டார். மளிகை வாங்க வந்த பெண்மணி வீட்டுக்குக் கூட்டிப்போனார். 2022 இறுதியில், உயிரோடு இருக்கும் நாய்களிலேயே மூத்தது என்று கின்னஸ் அதை அங்கீகரித்தது, 23 வயதில். சில வாரத்தில் போர்ச்சுகல் நாய் ஒன்று அந்தப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனதும், வயதுக்கு ஆதாரம் போதாது என்று 2024-ல் கின்னஸே அதைத் திரும்பப் பெற்றதும் தனிக்கதை. எல்லா நாயும் ஸ்பைக் ஆகிவிடாது. ஆனால் பத்து வயதில் கார் நிறுத்துமிடத்தில் விடப்பட்டதற்கு இன்னொரு வீட்டில் பதின்மூன்று வருடம் பாக்கி இருந்திருக்கிறது.

சான்ஃபிரான்சிஸ்கோவில் மட்வில் என்று ஒரு காப்பகம், 2007-ல் ஷெரி பிராங்க்ளின் என்பவர் தொடங்கியது. ஏழு வயதுக்கு மேற்பட்ட நாய்களை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு திட்டம் நமக்குப் பிடிக்கக்கூடியது. 62 வயதைத் தாண்டிய மனிதர்களுக்கு வயதான நாயைத் தத்துக்கொடுக்கும்போது கட்டணச் சலுகை உண்டு. யோசித்துப் பார்த்தால் பொருத்தம் சரிதான். குட்டி என்றால் செருப்பைக் கடிக்கும், ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பும், பாயை நனைக்கும், இழுக்கிற இழுப்பில் எழுபது வயதுக்காரர் விழுந்துவிடுவார். பத்து வயது நாய்க்கு வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கத் தெரியும். தெருமுனை வரை நடந்தால் அதற்குப் போதும். குட்டி வளர்ந்தால் என்ன குணம் வரும் என்பது லாட்டரிச் சீட்டு, இங்கே எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

நேரம் ஓடிவிட்டது, மீதியைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். கண்ணில் நீலப்புகை படர்ந்திருந்தால் குருடு என்று முடிவு கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் கண்வில்லை வயதில் இறுகுவது, பார்வை ஓரளவு இருக்கும். வெள்ளையாக மூடினால்தான் புரை. இருமல் இருந்தால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன நாய்களுக்கு இதய வால்வு தேய்வது சாதாரணம். இதயம் வீங்கத் தொடங்கிய கட்டத்திலேயே பைமோபென்டன் மாத்திரை கொடுத்தால் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-ல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள், சின்ன ஜாதிகள் பலவற்றுக்கு மூச்சுக்குழல் பலவீனம். கருத்தடை செய்யாத பெண் நாய் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வீட்டில் டைல்ஸ் தரை வழுக்கும், அது நடமாடும் வழியில் பழைய பாயை விரியுங்கள். வெங்காயம் பூண்டு போட்ட சாம்பார் அதற்கு விஷம், திராட்சையும் சாக்லெட்டும் அப்படியே. நமக்கான பாரசிட்டமால், ஐபுபுரூஃபென் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நம் பற்பசையும் வேண்டாம். நாய்க்கென்று விற்கிறார்கள், விரலில் தடவித் தேய்த்தால் போதும். வந்த அன்றே குளிப்பாட்டி, சொந்தக்காரர்களைக் கூட்டிக் காட்ட வேண்டாம். முதல் இரண்டு வாரம் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாலும் கிடக்கட்டும். தீபாவளி சமயத்தில் கதவு ஜன்னல் பத்திரம். வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றிதழையும் மாநகராட்சி உரிமத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிச் சங்கத்தார் நாயே கூடாது என்றால், அப்படித் தடை போட முடியாதென்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

வரும் ஞாயிறு உங்களில் சிலராவது பக்கத்துக் காப்பகத்துக்குப் போய், குட்டிகளைப் பார்க்கும் முன் "வயசான சின்ன நாய் இருக்கா?" என்று கேட்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள், பல் வைத்தியச் செலவைப் பேசிக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. போகும்போது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போர்வை, லுங்கி இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், மழைக்காலத்தில் எந்தக் காப்பகத்திலும் அதற்குத் தட்டுப்பாடுதான்.