பழைய பெட்டியும் புதிய பெட்டியும்



என் இல்லத்துக் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் தம் கோப்புகளை வலையமைப்பின் வழியே ஒரு சேமிப்புப் பெட்டியில் இட்டுவைத்து வந்தன. பள்ளி ஆண்டுவிழாப் படங்களும், மறைந்த என் துணைவியார் பாடிய பாடல்களும் அதனுள் இருந்தன. பத்தாண்டுகள் கழிந்தபின், அதன் இரண்டு வன்தட்டுகளுள் ஒன்று பழுதுற்றது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிட்டன. ஆகவே, பேரனும் யானும் உதிரிப் பாகங்களை வாங்கிப் புதிய பெட்டி ஒன்றை அமைத்தோம்.

அதில் ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையை நிறுவினோம். அதன் மூலத்தை 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. எழுதப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளும். படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும். மாறுபாடு கண்டால், இணைத்தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு பழுதைத் திருத்தும்.

ஆயினும் இணைத்தட்டு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கோப்பை நாம் தவறுதலாக அழித்தால், இரு தட்டுகளிலும் அஃது உடனே அழியுமன்றோ?

கோப்புகளைப் படியெடுத்தவுடன், எஞ்சிய பழைய தட்டைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்றான் பேரன். யான் இசையவில்லை. இருவரும் எண்ணிச் சரிபார்த்தோம். துணைவியாரின் பாடல்களுள் ஒன்று குறைந்தது! வேறோர் அடைவில் கிடந்த அதனைப் படியெடுக்க மறந்திருந்தோம். பழைய தட்டு இருந்தமையால் அக்குரல் மீண்டது. இன்று மற்றொரு பிரதி என் மகள் வீட்டில் இருக்கிறது.

புதியதைச் சோதித்துத் தெளியும்வரை பழையதைக் களையாதீர்கள்.