கொறங்காடும் நம் கடமையும்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காங்கயம் நாட்டின் பசுமை குறைந்து வருவது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நெல்வயலும் வாழைத்தோட்டமும் அழியின் யாவரும் இரங்குவர். நம் நாட்டின் தலையாய பசுமையோ கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலமே. அஃது அழிவது கண்டு இரங்குவார் சிலரே.

மேற்குமலைத் தொடர் மேகத்தைத் தடுத்தலால் நம் நாட்டில் மழை சிறிது. கிணற்று நீரும் பலவிடத்து உவர். அத்தகைய நிலத்தை முன்னோர் வீணென்று கைவிட்டாரல்லர். கொழுக்கட்டைப் புல்லைப் பேணினர். நடுநடுவே வெள்வேல மரங்களை நிறுத்தினர். சுற்றிலும் கிளுவைப் போத்துக்களை நட்டு உயிர்வேலி ஆக்கினர். கோடையில் புல் காய்ந்து கிடப்பினும் வேர் சாவதில்லை. மழை பெய்யின் மீண்டும் தளிர்க்கும். மரம் நிழல் தரும். அதன் நெற்று ஆட்டுக்கு உணவாகும். வேலி காற்றைத் தடுக்கும், பறவைகட்குப் புகலிடமாகும். இந்நிலத்தில் மேய்ந்தே காங்கயம் காளை புகழ் பெற்றது.

இன்று நிகழ்வது யாது? ஏர்மாடும் வண்டிமாடும் செய்த வேலையை எந்திரம் ஏற்றது. இளைஞர் பலர் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை நாடிச் சென்றனர். சாலையோர நிலத்தின் விலை ஏறிற்று. உடன்பிறந்தார் பாகம் பிரிக்குங்கால் மேய்ச்சல் நிலமே முதலில் விலையாகின்றது. பின்னர்க் கிளுவைவேலி வேரோடு பறிக்கப்படுகின்றது, எல்லைக்கல் நடப்படுகின்றது. வீடு எழாத மனைகளில் சீமைக் கருவேல் மண்டுகின்றது.

சாலையும் பள்ளியும் ஆலையும் வேண்டா என்பது எம் கருத்தன்று. அவற்றால் நம் பிள்ளைகள் கல்வியும் பிழைப்பும் பெற்றனர். மாட்டு வருவாய் ஒன்றைக்கொண்டு குடும்பம் நடத்தல் அரிது என்பதும் மெய்யே. ஆயினும் கொறங்காட்டைத் தரிசு என்று பெயரிட்டு விற்பது பொருந்தாது. விலை குறைந்த நிலம் வேறு. பயனற்ற நிலம் வேறு. பணம் கொடுத்து நிலத்தை மீட்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பேணிய புற்றரையையும் முதிர்ந்த மரத்தையும் எவ்விலைக்கு மீட்பது?

திருவள்ளுவனார் அரணின் இயல்பு கூறுமிடத்து, நீரும் நிலமும் மலையும் என்றதோடு நில்லாது, நிழல் செறிந்த காட்டையும் உடன் எண்ணினார். 2017-இல் ஏறுதழுவல் உரிமை வேண்டித் தமிழகமெங்கும் இளைஞர் திரண்டபொழுது, காளையின் பெருமையை நாம் யாவரும் பேசினோம். காளையைப் புகழ்ந்துகொண்டே அதன் மேய்ச்சலை விற்பது முறையாகுமோ?

ஆதலின், அன்பர்காள், மூன்று வேண்டுகின்றோம். பாகம் பிரிப்போர் கொறங்காட்டில் ஒரு பகுதியையேனும் பொதுவில் நிறுத்துக. விற்றே தீரவேண்டின், கால்நடை வளர்க்கும் உறவினரை முதற்கண் கேட்டறிக. கம்பிவேலி இடுவோர் கிளுவையை வெட்டாது அதன் அருகே இடுக. கொறங்காடு பெரும்பாலும் தனியார் நிலமாதலின், இவற்றுக்கு அரசாணை வேண்டுவதில்லை. இங்கு அமர்ந்திருப்போர் மனம் ஒப்பினாற் போதும். அதனைக் காப்பதும் அழிப்பதும் நாம் பத்திரத்தில் இடும் கையெழுத்தில் உள்ளன.