கழுவாத மீன்தொட்டி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மீன்தொட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நானும் முதலில் அதை வகுப்பறைக்கு ஓர் அழகுப் பொருளாகத்தான் வைத்தேன். கண்ணாடித் தொட்டி, வண்ணக் கற்கள், பிளாஸ்டிக் செடி, பத்து மீன்கள். வெள்ளிக்கிழமைதோறும் கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றினோம். இரண்டே மாதத்தில் எல்லா மீன்களும் செத்துப்போயின.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சாரே, நாம நல்லாத்தானே கழுவுனோம்? பின்ன ஏன் செத்துச்சு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கற்களில் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அழுக்கு என்று நினைத்து நாங்கள் தேய்த்து எடுத்தது அந்தப் பாக்டீரியாக்களைத்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மிச்சத்தையும் கெடுத்துவிட்டது. வாரியத் தேர்வுக்காக நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்தவன் நான்!

நம் மாவட்டத்துச் சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தேரூர்க் குளத்தை யாரும் வாரந்தோறும் கழுவுவதில்லை. அங்கே சேறும் செடியும் நுண்ணுயிரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. இதே வழியில் மண்ணும் செடியும் கொண்டு தொட்டி அமைக்கும் முறையை அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். நீர்ச்செடிகள் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சுகின்றன என்பது இம்முறையின் அடிப்படை.

நாங்கள் செய்தது இதுதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. ரசாயன உரமோ சாணமோ போடாத விளையிலிருந்து எடுத்த மண்ணைச் சலித்து, ஓர் அங்குலம் பரப்பினோம். அதற்கு மேல் கழுவிய மணல் ஓர் அங்குலம். மண் அதிகமானால் உள்ளே காற்றில்லாமல் அழுகி, முட்டை நாற்றம் வரும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட்டோம். மண் கலங்காமலிருக்க ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினோம். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வாளியில் திறந்துவைத்து ஊற்றுங்கள். காலை வெயில் சிறிது நேரம் படும் ஜன்னலோரம் போதும்.

முதல் வாரங்களில் தண்ணீர் பழுப்பாகும். பாதித் தண்ணீரை மாற்றினால் தெளியும். செடிகள் துளிர்த்து வளரத் தொடங்கியபின், மூன்றாம் வாரம் நான்கு கப்பி மீன்களை மட்டும் விட்டோம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. இப்போது எங்கள் வேலை, ஆவியான தண்ணீரை ஈடுசெய்வதும், மண்டிய செடியை வெட்டுவதும்தான். அரையாண்டு விடுமுறையையும் மீன்கள் தாங்கிவிட்டன.

நல்ல வெயிலில் ஹைட்ரில்லா இலைகளிலிருந்து குமிழிகள் எழும்போது ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொடங்குகிறேன். புனலும் சோதனைக் குழாயும் பிறகு வருகின்றன.

ஒரு வேண்டுகோள். மிஞ்சும் கப்பிகளையும் செடிகளையும் குளத்திலோ காலிலோ விடாதீர்கள். வெளியூர் மீன்கள் நம் குளத்து மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை என்ன செய்தது என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்த மாணவனைக் கூப்பிட்டுப் பதிலைச் சொன்னேன். "அப்ப நம்ம மேலதான் தப்பு, இல்லையா சாரே?" என்றான். "உங்க மேல இல்ல மக்களே, கழுவச் சொன்ன என் மேலதான்" என்றேன். இப்போது தொட்டியின் பொறுப்பாளர் அவன்தான். யாராவது தண்ணீரை மாற்றப் போனால் முதலில் தடுப்பவனும் அவனே.