காப்பி வறுத்தலும் ஒரு மூக்கின் கதையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய மேடையில் வட்டம் படித்த நூல்களைப் பற்றியோ வளர்த்த கவிஞர்களைப் பற்றியோ பேசுவதுதான் முறை. செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மாதந்தோறும் கூட்டத்துக்குப் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருகிறீர்கள். வீட்டிலேயே வறுத்து அரைப்பதாகக் கேள்வி. அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். விளையாட்டாகக் கேட்கிறார் என்றெண்ணி மறுத்தேன். பிறகுதான், அந்தக் காப்பியை உங்களுக்குக் கொடுத்தேனே ஒழிய, அது தொடங்கிய காரணத்தை உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது உறைத்தது. இன்று சொல்லிவிடுகிறேன்.

2021ஆம் ஆண்டு மே மாதம் ஊரெல்லாம் வந்த காய்ச்சல் எனக்கும் வந்தது. உயிர் பிழைத்தவர்களில் ஒருவன் நான். ஆகவே குறைசொல்ல உரிமை இல்லை. மூக்கு மட்டும் போயிற்று. மூன்று மாதம் கழித்து அது திரும்பியது. ஆனால் போனபடி திரும்பவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை, என் துணைவியார் நீட்டிய டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். எரிந்த ரப்பரும் சாக்கடையும் கலந்த வீச்சம் அடித்தது. பால் கெட்டுவிட்டது, பார்த்துக் காய்ச்சக்கூடாதா என்று கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் டம்ளரை வாங்கி, மீதியைத் தாமே குடித்தார். பால் கெடவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பூவின் நாற்றம் என்று எழுதினால் அக்காலத்தில் யாரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். இன்று அச்சொல் துர்நாற்றம் ஒன்றையே குறித்து நிற்கிறது. சொல்லுக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது எனக்கு மூன்று மாதத்தில் நேர்ந்தது என்று அந்நாளில் நினைத்துக்கொள்வேன். இதைக் கவிதையாக்கவும் முயன்றேன். நன்றாக வரவில்லை, கிழித்துவிட்டேன்.

மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு தைலங்களைக் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். எனக்குக் கிராம்பு முதலில் வந்தது. ரோஜா வெகுநாள் கழித்து, தண்ணீர் விட்டதுபோல் வந்தது. காப்பி மட்டும் அசையவில்லை. தெருமுனையில் காப்பித்தூள் கடை இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக அந்த மணத்துக்காகவே நடை தளர்த்திய நான், இப்போது சுற்றுவழியில் போகலானேன்.

2022 ஜனவரியில் ஏற்காட்டுக்கு ஓர் உறவினர் வீட்டுக்குச் சென்றோம். சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் அங்கே பயிரிட்டார் என்பது நம் ஊர் வரலாறு. உறவினர் வீட்டில் தோல் நீக்கி உலர்த்திய பச்சைக்கொட்டை ஒரு சாக்கில் இருந்தது. தயங்கித் தயங்கி ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தேன். வீச்சம் இல்லை! உலர்ந்த புல்லின் மெல்லிய வாசனை, அவ்வளவுதான். ஆக, என்னைத் துரத்தும் அந்த வீச்சம் கொட்டையில் இல்லை, வறுவலில் எங்கோ பிறக்கிறது. அது எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு மலையிறங்கினேன். என் வறுவல் தொடங்கியது இப்படித்தான், சுவைக்காக அன்று.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் பார்க்கரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் அறிந்தேன். என்னைப் போன்றவர்களைக் காப்பியின் பல மணக்கூறுகளை ஒவ்வொன்றாக முகரச் செய்திருக்கிறார்கள். அவர்களை அதிகமாகத் துன்புறுத்தியவற்றுள் முதன்மையானது கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம். நல்ல மூக்குக்கு வறுத்த காப்பியின் மணமாகவே படுவது அதுதான். வறுக்க வறுக்க அது பெருகும். மணமும் வீச்சமும் ஒரே பொருள், முகர்பவன்தான் வேறு.

இனி வாணலிக்கு வருவோம். கனத்த இரும்பு வாணலி, நீண்ட மரக்கரண்டி, இரண்டு முறம், ஒரு கடிகாரம். வேறு கருவி வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடக்கூடாது. போட்டால் கை சோரும். கை சோர்ந்தால் ஒரு பக்கம் கருகும். தொடக்கத்தில் பீபெரி வாங்குவது நல்லது. காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முதுகு புடைத்து, வயிறு தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்றே உருண்டு திரண்டிருக்கும், அதுவே பீபெரி. தட்டைக்கொட்டை வாணலியில் படுத்துக்கொள்ளும், இது உருளும்.

பச்சைக்கொட்டையில் 100க்கு 10 முதல் 12 பங்கு ஈரம் உண்டு. முதலில் அது போகிறது. பச்சை வெளிறி மஞ்சளாகிறது, வைக்கோல் வாசனை எழுகிறது. பிறகு பழுப்பு ஏறுகிறது. ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில், உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் சுவரை உடைக்க, கொட்டை வெடிக்கிறது. சோளம் பொரிவது போன்ற தெளிவான ஓசை. பின்னர் ஓர் அமைதி. மேலும் சூடேற்றினால் 225 பாகையை ஒட்டி இரண்டாம் வெடிப்பு. இது கடுகு தாளிப்பதுபோல் நுண்ணிய படபடப்பு. எண்ணெய் மேலே கசிந்து மின்னத் தொடங்கும். அதன் பின் கரிதான். முதல் வெடிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. மூக்குள்ளவர்கள் மூக்கால் அறிவார்கள். நான் காதால் அறிந்தேன். அடுக்களையில் மின்விசிறியை நிறுத்தி, வானொலியை நிறுத்தி, குனிந்து காது கொடுப்பேன். என் துணைவியார் அருகில் நின்று, "இப்போது கம்பு வறுக்கிற மாதிரி... இப்போது வெல்லப்பாகு..." என்று சொல்ல, நான் குறிப்பேட்டில் எழுதுவேன். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இதுவே முதல் முறை.

இறக்கியதும் முறத்தில் கொட்டி உடனே ஆற்ற வேண்டும். இல்லையேல் தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபடும். புடைத்தால் தவிடுபோல் மெல்லிய தோல் பறக்கும். 150 கிராம் போட்டால் 125, 128 கிராம் மிஞ்சும். அன்றே அரைத்து பில்டரில் போட்டுவிடாதீர்கள். புதுக்கொட்டை உள்ளே வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். வெந்நீர் பட்டதும் தூள் பொங்கும், டிகாக்ஷன் சீராக இறங்காது. இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். இன்னொன்று: சிக்கரி சேர்க்காவிட்டால் நீர் விரைந்து வடிந்துவிடும், கொஞ்சம் கூடுதல் நைசாக அரைத்தால் சரியாகும். சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்குக்குள் நான் புகவில்லை. அது மரபுக்கவிதை, புதுக்கவிதை வழக்கைவிடப் பழையது. இந்த அவையில் இரு கட்சியினரும் இருக்கிறீர்கள். காப்பிக்குக் 'குளம்பி' என்று பெயரிட்ட அன்பர்களோடும் எனக்குப் பகை இல்லை. குளம்பு வடிவத்தைக் கொட்டையில் கண்டவர் கொட்டையை உற்றுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் வெடிப்புக்கு முன்பே இறக்கினால் எனக்கு வீச்சம் இல்லை. ஆகவே அந்தப் பதத்திலேயே காப்பி போட்டு, 2022 மார்ச் கூட்டத்துக்கு எடுத்து வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் அருந்தினீர்கள், எவரும் பேசவில்லை. நம் வட்டத்தில் மோசமான கவிதை ஒன்று வாசிக்கப்பட்டபின் நிலவும் அதே அமைதி. மூத்த கவிஞர் அம்மையார் ஒருவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்து, "தம்பி, இது காப்பி இல்லை, கொள்ளு வேகவைத்த தண்ணீர்" என்றார். பிறகு, "கவிதையைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். காப்பியைத்தானே சொல்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கு ஏற்றதாக நான் இறக்கியதை ஊருக்கு ஏற்றது என்று நீட்டியிருக்கிறேன். அதன்பின் இரண்டு வகையாக வறுத்தேன்: உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உங்களுடையதைத் துணைவியாரின் மூக்கை நம்பி வறுத்தேன், நான் குடித்ததில்லை. என்னுடையதை மாதத்துக்குச் சில நொடிகளாகத் தள்ளிக்கொண்டு போனேன். வெடிப்பு தொடங்கிய கணம், அதன்பின் 10 நொடி, 20 நொடி. வீச்சம் எழுந்தால் ஒரு படி பின்வாங்குவேன். 2023 இறுதியில் 40 நொடி வரை வந்தேன். இது பயிற்சியால் வந்ததா, நரம்பு தானே தளிர்த்ததா என்று மருத்துவராலும் சொல்ல இயலவில்லை. பூண்டு இன்னும் திரும்பவில்லை. வெங்காயம் ஒரு நாள் சரி, ஒரு நாள் இல்லை.

சென்ற மார்கழியில் ஒரு காலை, உங்களுக்கென்று வறுத்த தூளில் இறக்கிய காப்பியோடு என்னைக் கடந்து போனார் துணைவியார். நான் நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தேன். "யாருக்கு அது?" என்று கேட்டேன். அவர் நின்றார். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டார். பாதிவரை குடித்தேன், அதற்குமேல் வீச்சம் தலைகாட்டியது. மீதியை அவர் குடித்தார்.

இப்போது ஒரே வாணலிதான். பின்பக்கத்து மேசையில் இருக்கும் காப்பி வியாழக்கிழமை வறுத்தது. பீபெரி, முதல் வெடிப்புக்குப்பின் 70 நொடியில் இறக்கியது, சிக்கரி சேர்க்கவில்லை. பால் தனியே, சர்க்கரை தனியே வைத்திருக்கிறேன். அம்மையார் அவர்கள் குடித்துவிட்டு, தயங்காமல் சொல்ல வேண்டும்.