ஆலை மூடிய பின் அந்தக் கூரை யாருக்கு?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களைச் சேர்ந்த தமிழ் பேசும் தோழர்கள் முன் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் பாலராமபுரம் நோக்கிச் செல்பவர், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் தறி நின்றுபோன கொட்டகைகளைக் காணலாம். எல்லைக்கு மறுபுறம் விளவங்கோடு வட்டாரத்தில் முந்திரி ஆலைகளை நம்பி வாழும் பெண்களுக்கும் பூட்டிய கதவு புதிய காட்சியல்ல. இவ்வாறு பூட்டிக் கிடக்கும் ஆலைகளை மக்கள் கலைக்கூடங்களாக மாற்றலாம் என்னும் யோசனை நாட்டின் பல பகுதிகளில் எழுந்துள்ளது. இந்த யோசனையைக் கண்மூடி வரவேற்பதும் தவறு. ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் தவறு. அந்தக் கூடம் யாருடைய கையில் இருக்கும் என்பதே இதில் தீர்மானமான கேள்வி.

ஆலைக்குள் வளர்ந்த பண்பாடு

உழைப்பவருக்குக் கலையும் கல்வியும் வெளியிலிருந்து கொண்டுவந்து தரப்பட வேண்டியவை என்பது முதலாளித்துவக் கற்பனை. கண்ணூரின் பீடிக் கூடங்களில் ஒருவர் நாளிதழையும் நூல்களையும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் இலை சுருட்டியபடியே கேட்டார்கள். வாசித்தவரின் கூலி குறையாதிருக்கத் தாங்கள் சுருட்டிய பீடியில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தார்கள். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்த மறுத்துப் பெருமுதலாளிகள் கூடங்களை மூடியபோது, 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. மூடிய தொழிலைத் தொழிலாளர்களே ஏற்று நடத்த முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. வாசிப்பும் தொடர்ந்தது.

நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் சாதி ஆதிக்கத்தை மீறிச் சிவப் பிரதிட்டை செய்தவர் நாராயண குரு. ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளி வாடப்புறம் பி.கே. பாவா 1922இல் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, அவருடைய ஆதரவும் அதற்குக் கிடைத்தது. சமூகச் சீர்திருத்தமும் தொழிற்சங்கமும் தொடர்புகொண்டு வளர்ந்த மண் இது.

ஆலப்புழை காட்டும் வழி

ஜேம்ஸ் டாரா என்பவர் 1859இல் ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் அந்நகரை நிறைத்தன. அங்கு பாய் நெய்தவர்களே 1938இல் பொறுப்பாட்சி கோரிப் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 அக்டோபரில் புன்னப்புரை-வயலார் எழுச்சியில் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவர்களிலும் கயிற்றுத் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

2021 ஏப்ரலில் அந்நகரின் பழைய கிடங்குகளிலும் கயிற்றுக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலும் 'லோகமே தறவாடு' என்னும் கலைக் கண்காட்சி திறக்கப்பட்டது. கேரளத்தில் வேர்கொண்ட 267 கலைஞர்களின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. கொரோனாத் தொற்றால் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்த இக்கண்காட்சி, ஆலப்புழை மரபுத் திட்டத்தின் அருங்காட்சியகப் பணிகளுடன் இணைந்து நடந்தது. கட்டடங்கள் இடிக்கப்படவில்லை, மனைகளாகக் கூறுபோடப்படவில்லை. இது பெறுமதியான முன்னேற்றம். ஆனால் ஓவியத்தைப் பார்க்க வந்தவர், அதே தரையில் நின்று நெய்தவரின் கூலியையும் இருமலையும் வேலைநிறுத்தத்தையும் அறிந்து திரும்பினாரா என்பதைக் கொண்டே அதன் முழு வெற்றியை அளக்க வேண்டும்.

மும்பையிலும் சென்னையிலும் நேர்ந்தது

மும்பையில் 1982 ஜனவரி 18இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் செங்கொடிக் கலைக்குழுவோடு பாடி வளர்த்த பகுதி அது. ஆலைகள் மூடின. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும் இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் உரியது என்று 1991ஆம் ஆண்டின் விதி வகுத்தது. 2001இல் வந்த திருத்தம் அந்தப் பங்கைக் கட்டடமில்லாத காலி நிலத்திற்கு மட்டும் எனச் சுருக்கியது. உச்ச நீதிமன்றம் 2006இல் அதை உறுதிசெய்தது. ஃபீனிக்ஸ் மில் இன்று பெருவணிக வளாகம். அதன் புகைபோக்கி அழகுக்காக நிற்கிறது. அதன்கீழ் உழைத்தவரின் பேரப்பிள்ளை அங்கே காவலாளியாக நிற்கக்கூடும்.

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை ஒன்று சேர்த்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்னின்றார்கள். 1996இல் மூடப்பட்ட அந்த ஆலையின் கூடங்கள் திரைப்படப் படப்பிடிப்புக்குக் களமாயின. நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கலைத் தொழிலுக்கு இடம் கிடைத்தும் அந்த வட்டாரத் தொழிலாளருக்குக் கலைக்கூடம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. பெய்ஜிங்கின் 798 ஆலை வளாகத்தில் குறைந்த வாடகைக்குக் குடியேறிய கலைஞர்கள் அதைப் புகழ்பெறச் செய்தார்கள். புகழ் வாடகையை உயர்த்தியது. உயர்ந்த வாடகை அவர்களில் பலரை வெளியேற்றியது. மாறாக, பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றை 1982இல் மக்கள் பண்பாட்டு மையமாக்கிய கட்டடக் கலைஞர் லினா போ பார்டி, முதலில் அங்கு ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று பார்த்தார். கைவிடப்பட்ட கொட்டகையில் சிறுவர்கள் பந்தாடினார்கள்; குடும்பங்கள் கூடி உண்டன. அந்த வாழ்க்கையைக் கலைக்காமல் நூலகமும் நாடக அரங்கும் பயிற்சிப் பட்டறைகளும் சேர்த்தார். வணிக நிறுவனங்கள் தங்கள் ஊதியச் செலவுக்கேற்பக் கட்டாயமாகச் செலுத்தும் நிதி அம்மையத்தைத் தாங்குகிறது. எனவே வாடகையை உயர்த்தித்தான் அது பிழைக்க வேண்டும் என்ற நிலை இல்லை.

பாலராமபுரத்தின் தறிகள்

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்டன. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி ஏற்றி, குழித்தறியில் நெய்த அவர்களின் துணி இன்று புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் நெசவாளியின் கூலி அந்தப் புகழோடு சேர்ந்து உயரவில்லை. பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்கும் கேரள அரசின் திட்டம் பல தறிகளை ஓட வைத்தது. ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த பாலராமபுரம் நூற்பாலையும் அரசின் முயற்சியால் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே வேலையை மீட்க முடியும் இடத்தில் முதலில் அதையே கேட்க வேண்டும். மீட்க இயலாத இடத்தில்தான் கலைக்கூடம் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

ஒன்று, நிலுவை. பணிக்கொடை, வைப்புநிதி, ஊதிய பாக்கி ஆகியவை தீர்க்கப்படாத ஆலையில் திறப்பு விழா நடத்துவது ஏமாற்று. 2016ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டம், வைப்புநிதியையும் பணிக்கொடை நிதியையும் கலைக்கப்படும் சொத்திலிருந்து விலக்கி வைக்கிறது. கலைப்புக்கு முந்தைய 24 மாத நிலுவையைப் பிணையம் பெற்ற கடன்காரர்களுக்குச் சமமாக நிறுத்துகிறது. தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

இரண்டு, உடைமை. நிலம் ஊராட்சிக்கோ கூட்டுறவுக்கோ உரியதாக வேண்டும். நிர்வாகக் குழுவில் முன்னாள் தொழிலாளர்களும் பெண்களும் பெயரளவில் இல்லாமல் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும்.

மூன்று, பாதுகாப்பு. பழைய கல்நார்க் கூரையும் சாயக் கழிவும் மின்கம்பிகளும் பரிசோதிக்கப்படாமல் ஒரு குழந்தையும் உள்ளே செல்லக்கூடாது.

நான்கு, நினைவு. ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யும் அறை ஒன்று அங்கே இருக்க வேண்டும். ஒரு தறியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் பயிற்சி தருபவருக்குக் கூலி உண்டு.

ஐந்து, மொழி. 1956 நவம்பர் 1இல் வரையப்பட்ட எல்லை மக்களின் நாவைப் பிரிக்கவில்லை. வில்லுப்பாட்டு இருபுறமும் இரு மொழியிலும் ஒலிக்கிறது. அரசியலமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழித் தொடக்கக் கல்வியை வலியுறுத்துகிறது. அந்தக் கூடத்தின் நூலகத்தில் தமிழும் மலையாளமும் ஒரே அலமாரியில் இருப்பதே இந்த எல்லைக்கு ஏற்ற அரசியல். இரு மொழியின் உழைப்பாளரையும் மோதவிட விரும்புவோருக்கு அதுவே தக்க பதில்.

தோழர்களே! 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், ஊர்ச்சபையில் அமர்ந்து தன் ஊரின் திட்டத்தைத் தீட்டும் பழக்கத்தைக் கேரளத்திற்குத் தந்தது. பூட்டிய கட்டடங்களின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் எடுக்கட்டும். யார் உரிமையாளர், எவ்வளவு நிலுவை, கடைசியாக வேலை பார்த்தவர்கள் இன்று எங்கே என்று வீடு வீடாகச் சென்று எழுதட்டும். அந்தப் பட்டியலோடு அடுத்த ஊர்ச்சபைக்குச் செல்லட்டும். பூட்டைத் திறக்கும் நாளில் முதலில் உள்ளே நுழைய வேண்டியவர், கடைசி நாளில் வேலை முடித்து வெளியே வந்த தொழிலாளியே.