கிழங்குக் காட்டு ஓரத்தில் கொஞ்சம் சாமை
(கொல்லிமலையில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எல்லோரும் பேசிட்டாங்க. நான் சோத்தைப் பத்திப் பேசறேன்.

நம்ம மலையில முன்னெல்லாம் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்தது. சாமையிலேயே கட்டவெட்டி, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமைன்னு பல ரகம். இப்போ எங்க பார்த்தாலும் குச்சிக்கிழங்கு. லாரி ஏறி கீழ்நாட்டு சேகோ ஆலைக்குப் போகுது. அதை நான் குறை சொல்லல. பிள்ளைங்க படிப்பு அந்தக் காசுலதான் நடக்குது.

ஆனா கிழங்கு விளைய பத்து மாசம் ஆகுது. வெட்டினா ரெண்டு மூணு நாள்ல கெட ஆரம்பிக்குது. தானியம் மாதிரி குதிர்ல போட்டு வைக்க முடியாது. விலை இறங்கினா பருப்பும் காயும் வாங்கறது குறையுது. ரேஷன் அரிசியில வயிறு நிறையுது, சத்து நிறையல. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து. தீட்டின அரிசியில சுமார் 10தான். வீட்டுல கடைசியா சாப்பிடறது நாமதானே? குறைச்சல் முதல்ல நமக்குத்தான்.

சாமை போனதுக்குக் காசு மட்டும் காரணம் இல்ல. பகல் முழுக்க காட்டு வேலை, ராத்திரியில உரல்ல குத்தி, புடைச்சு, உமி நீக்கணும். கை காய்ச்சுப் போன நம்ம அம்மாக்கள் அதை விட்டதுல தப்பே இல்ல. "பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்க"ன்னு சொல்றவங்களை நான் ஒண்ணுதான் கேக்கறேன்: குத்தறது யாரு? உமி நீக்கற மெஷின் வந்தாதான் சாமை திரும்பி வரும். இந்த மலையிலேயே குழுப் பெண்கள் மெஷின் நடத்திக் காட்டியிருக்காங்க.

அதனால மூணு விஷயம் கேக்கறேன். ஒவ்வொரு வீடும் கிழங்குக் காட்டுல ஒரு ஓரத்தைச் சாமைக்கோ கேழ்வரகுக்கோ விடணும். விதை வெச்சிருக்கிற பெரியம்மாக்கள் குழுவுக்குக் கொடுக்கணும். வாங்கினவங்க அறுப்பு முடிஞ்சதும் ஒரு படிக்கு ரெண்டு படியா திருப்பணும். மெஷினுக்கான கடனை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமா எழுதணும்.

கிழங்கு விலை நம்ம கையில இல்ல. நம்ம பானையில என்ன வேகணும்ங்கறது நம்ம கையில இருக்கட்டும்.