ஆண்டு என்னும் சொல்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் பார்ப்பது தேதியைத்தான். அதற்கு மேலே பெரிய எழுத்தில் இருக்கும் 'ஆண்டுத் திருவிழா' என்னும் தொடரை எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆண்டு விழா, ஆண்டு மலர், ஆண்டறிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று ஆலயத்தின் வாழ்வே இச்சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆகவே அதைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

'யாண்டு' என்பதே பழைய வடிவம். கல்வெட்டுகளில் மன்னர்களின் ஆட்சியாண்டை இச்சொல்லால்தான் குறித்தார்கள். நாம் வீட்டில் வழங்கும் 'வருஷம்' வடசொல். அதற்கு மழை என்றும் பொருள் உண்டு. மழைக்காலம் ஒருமுறை வந்து போனால் ஓராண்டு கழிந்தது என்று எண்ணிய மக்களின் கணக்கு அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

நம் முன்னோர் பல விழாக்களுக்கு இட்ட பெயரில் ஆண்டு என்னும் சொல்லே இல்லை. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிப்பூரம் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். முன்பாதி மாதம், பின்பாதி நட்சத்திரம். பெயரைச் சொன்னாலே நாளும் தெரிந்துவிடும். ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் பக்தர் தைப்பூசம் என்று சொன்னால் போதும்; அது ஆண்டுதோறும் வருவது என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறைந்தவர்களுக்கு நாம் செய்யும் கடனிலும் இவ்வாறே. திதி என்றால் சந்திரனின் வளர்பிறை, தேய்பிறையில் ஒரு நாள். திவசம் என்றாலும் நாள் என்றே பொருள். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரை நினைத்துச் செய்யும் வழிபாட்டுக்கே அவை பெயராகிவிட்டன. ஈழத்துத் தமிழர் 'ஆட்டைத் திவசம்' என்பர். ஆண்டு என்பதே அங்கு ஆட்டை என நின்றது.

இனி, மலர் அச்சிடுவோரைத் தடுமாற வைக்கும் ஒரு செய்திக்கு வருகிறேன். செய்தித்தாளில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று வந்தால், அன்பர் மறைந்து ஓராண்டு நிறைந்தது என்று பொருள். ஆலயம் 'முதலாம் ஆண்டுத் திருவிழா' என்று அச்சிட்டாலோ அதுவே தொடக்கம். ஓராண்டு இன்னும் நிறையவில்லை. தொடர் ஒன்றேயானாலும் கணக்கு இரண்டு. ஓர் ஆலயம் 1975இல் முதல் விழாவை நடத்தியிருந்தால் 1999இல் நடந்தது 25ஆம் ஆண்டு விழா. 25 ஆண்டுகள் நிறைவடைந்தது 2000இல். வெள்ளிவிழா எந்த ஆண்டில் என்ற வாதம் பல இடங்களில் எழுவதற்கு இதுவே காரணம்.

அண்மைக் காலத்தில் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுப் பங்குனி உத்திரமும் சித்திரா பௌர்ணமியும் பக்தர் கூட்டமின்றிக் கடந்தன. மேற்சொன்ன ஆலயத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விழா நடைபெறவில்லை என்று கொள்வோம். 2022இல் நடந்தது 48ஆம் ஆண்டில் வந்த விழா; எண்ணிக்கையிலோ 46ஆவது விழா. இரண்டுமே சரி. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதை மலரில் எழுதிவிட வேண்டும். விழா நடக்கவில்லை என்பதும் வரலாறுதான். அதை மறைத்து எண்ணைத் தொடர்ந்தால் பின்வரும் தலைமுறைக்கு அது தெரியாமலே போய்விடும்.

மலர் என்னும் சொல்லும் அழகானது. நம் பத்திரிகைகள் ஓராண்டுத் தொகுதியை 'மலர்' என்றும் ஒவ்வொரு வெளியீட்டை 'இதழ்' என்றும் எண்ணின. 'செந்தமிழ்ச் செல்வி' ஆண்டைச் 'சிலம்பு' என்றும் மாத வெளியீட்டைப் 'பரல்' என்றும் குறித்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' ஆண்டைத் 'துணர்' என்றும், அத்துணரில் பூப்பதை 'மலர்' என்றும் அழைத்தது. தனித்தனியே வந்தவற்றை ஓராண்டாகக் கோத்து வைக்கும் எண்ணம் இப்பெயர்கள் அனைத்திலும் உண்டு.

கோத்து வைப்பது கணக்குக்கும் பொருந்தும். காஞ்சிபுரம் வட்டாரத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'சம்வத்சர வாரியம்' பற்றி அவை கூறுகின்றன. சம்வத்சரம் என்றாலும் ஆண்டுதான். பன்னிருவர் கொண்ட அவ்வாரியத்தின் பணிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது. இன்று நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவுபெற்ற ஆலயங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கல்லில் வெட்டிய நெறி இது. சுமையென்று எண்ண வேண்டாம்.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பாட்டன்மார் கூலியில் மிச்சம் பிடித்து அம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறின. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வேறு நகரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். லயன் வீடுகள் மறைந்த இடத்திலும் சில கோயில்கள் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழைய தோட்டத்தார் அங்கே கூடுகிறார்கள். நிலப்பட்டா இல்லாத கோயிலுக்கு, அது எத்தனை காலமாக இருக்கிறது என்ற கேள்வி எழும் நாளில், யார் விடை சொல்வது? பழைய அழைப்பிதழும், உபயதாரர் பட்டியலும், நன்கொடை ரசீதும், பூச்சி அரித்த மலரும்தான் சொல்ல வேண்டும். அவற்றில் ஆண்டு இல்லையென்றால் அவையும் ஊமை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மலரில் தேதி, மாதத்துடன் ஆண்டையும் தவறாமல் அச்சிடுங்கள். எத்தனையாவது விழா, எத்தனை ஆண்டு நிறைவு என்பதைப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டு மலரிலும் ஒரு பிரதியை ஆலயத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் பாதுகாத்து வையுங்கள்.

'ஆண்டுதோறும்' என்று அச்சிடும்போது, அடுத்த ஆண்டும் வருவோம் என்று அம்பிகையின் சந்நிதியில் வாக்குக் கொடுக்கிறோம். அவ்வாக்கைக் காக்கும் வல்லமையை அன்னை நமக்கு அருள்வாளாக.